கோத்தகிரியில் ஐந்து நாள், இரண்டு கேக்

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்த நான்கு பேர் நாங்கள். அப்போதே ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவோம். மதுரைக்காரி, திருச்சிக்காரி, சேலத்துக்காரி, நான் கோவைக்காரி. இத்தனை வருடத்தில் கல்யாண வீடுகளில் பார்த்துக்கொண்டதோடு சரி. இந்த மே மாதம் நான்கு பேருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு அமைந்தது. கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வீட்டை நான்கு இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று திருச்சிக்காரி ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வீட்டின் சமையலறை இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

மே 7, புதன்: குஞ்சப்பனை

காலை எட்டு மணிக்கே கோவையில் வெயில் முதுகைச் சுட்டது. மேட்டுப்பாளையத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மதுரைக்காரி சாலையோரத்தில் பாதிப் பலாப்பழம் வாங்கினாள். நூறு சொன்னதை எண்பதுக்குப் பேசி முடித்தாள். கோத்தகிரிக்கு அங்கிருந்து 33 கிலோமீட்டர்தான். பதினொரு மணிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டோம்.

குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் கணக்கு தப்பியது. 2024 மே மாதத்தில் இருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். கட்டணம் எதுவும் கிடையாது, கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம். எடுத்தவள் நான். வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தில் 6-க்குப் பதில் 9 போட்டிருந்தேன். புதிதாக எடுக்கச் சொன்னார்கள். என் கைப்பேசியில் சிக்னல் வரவே இல்லை. பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, ஓரமாக ஒதுங்கி நின்றோம். பணியில் இருந்த இளைஞர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, தன் கைப்பேசியின் இணையத்தைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். அவருக்கு அது ஒரு நாளைக்கு நூறு முறை நடக்கும் வேலையாக இருக்கும். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை.

எங்களிடம் இருந்த ஆறு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் அவர்தான் வாங்கிக்கொண்டார். மாவட்டம் முழுக்க அவற்றுக்குத் தடை. தண்ணீரை வீணாக்காமல் எங்களிடம் இருந்த எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் மூக்கை உறிஞ்சி, “பலாப்பழம் இருக்கா?” என்றார். இருக்கிறது என்றதும் குரல் மாறியது. “கண்ணாடிய ஏத்திக்கங்க. நடுவுல எங்கயும் நிறுத்தாதீங்க. பலா சீசன்ல இந்த ரோட்டுக்கு யானை வரும்.”

அதன்பிறகு ஒன்பது கிலோமீட்டருக்கு யாரும் பேசவில்லை. யானை வரவில்லை. மூடிய காருக்குள் பலாப்பழ வாசனை தலைவலி வரும் அளவுக்கு நிறைந்தது.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காரை விட்டு இறங்கியதும் காற்று கழுத்தில் பட்ட அந்த முதல் நிமிடத்துக்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் மலை ஏறலாம். வீடு சுத்தமாக இருந்தது. ஆனால் எங்களுக்கு முக்கியமான ஒன்று இல்லை. ‘ஓவன் உண்டு’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள். ஓவன் இருந்தது, சூடாகவில்லை. உரிமையாளரைக் கூப்பிட்டால், “போன மாசம் வரைக்கும் நல்லா இருந்துச்சே” என்று முடித்துக்கொண்டார்.

மதுரைக்காரியின் முகம் வாடிவிட்டது. அவள் ஊரில் இருந்தே மைதா, பேக்கிங் பவுடர், வெனிலா எசன்ஸ், அளவுக் கப், ஸ்பூன் எல்லாம் ஒரு தனிப் பையில் கட்டி எடுத்து வந்திருந்தாள். விடுதியில் எங்கள் பிறந்தநாளுக்கு எல்லாம் கடை கேக் வாங்கக் காசு சேர்க்க முடியாமல் ரொட்டியில் ஜாம் தடவி மெழுகுவர்த்தி வைப்போம். அந்த நான்கு பிறந்தநாளுக்கும் சேர்த்து ஒரு கேக் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். படுகர் இனத்தவர், அறுபது வயது இருக்கும். “எங்க வீட்டுல பழைய குக்கர் இருக்கு கண்ணு. அதுல வராதா?” என்றார்.

மே 8, வியாழன்: கோடநாடு, முதல் கேக்

காலையில் கோடநாடு காட்சிமுனைக்குப் போனோம். கீழே மாயாறு ஒரு கோடாகத் தெரிந்தது, அந்தப் பக்கம் தெங்குமரஹாடா கிராமம், தூரத்தில் பவானிசாகர் நீர்த்தேக்கத்தின் பளபளப்பு. பத்து நிமிடம் பார்த்தோம். பதினோராவது நிமிடம் மேகம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ‘தெரியுதா, தெரியுதா’ என்று கேட்டபடி வந்த ஒரு குடும்பத்திடம் சேலத்துக்காரி தான் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டி, எது எங்கே இருக்கிறது என்று விளக்கினாள். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை அவள். யாருக்காவது எதையாவது விளக்காமல் அவளால் இருக்க முடியாது.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. இடியோடு கொட்டும் கோடை மழை. வேறு வழி இல்லாமல் எல்லோரும் அடுப்படிக்கு வந்தோம்.

குக்கரில் கேக் செய்வது ஒன்றும் புதிய வித்தை இல்லை. அடியில் இரண்டு கப் கல் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு சிறிய தட்டைக் கவிழ்த்து, காஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். உப்பு சூட்டைப் பிடித்து வைத்துச் சீராக விடும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பிரஷர் சேரக் கூடாது. பழைய குக்கராக இருப்பது நல்லது, தண்ணீர் இல்லாமல் சூடேறி அடி கறுத்துப்போகும்.

கேக் டின் இல்லை. அக்காவின் அலுமினியக் கிண்ணத்தில் எண்ணெய் தடவி, மாவு தூவித் தட்டினோம். வாழைப்பழ கேக். மதுரைக்காரியின் வழக்கமான அளவு: மைதா ஒன்றரை கப், சர்க்கரை முக்கால் கப், நன்றாகக் கனிந்த பழம் மூன்று, எண்ணெய் அரை கப், தயிர் கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா உப்பு அரை டீஸ்பூன். முட்டை கிடையாது. அவள் வீட்டில் ஐம்பது முறையாவது செய்திருப்பாள்.

இருபது நிமிடத்தில் வீடு முழுக்க வாசனை. மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்த திருச்சிக்காரி, “ஏய், கிண்ணத்தைத் தாண்டிடுச்சுடி!” என்று கத்தினாள். உண்மையிலேயே கிண்ணத்துக்கு மேல் ஒரு விரல் உயரம் எழும்பி நின்றது. நால்வரும் கைத்தட்டினோம். அடுத்த கால் மணி நேரத்தில் நடுப்பகுதி மெல்ல இறங்கியது. வெளியே எடுத்தபோது ஓரம் எல்லாம் கரை போலவும் நடுவில் குளம் போலவும் இருந்தது. நடுவில் பிசுபிசுவென்று வேகாத மாவு.

மதுரைக்காரி ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திருச்சிக்காரி தான் மூடியைத் தூக்கியதால்தான் என்று பதறினாள். சேலத்துக்காரி மட்டும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தூக்கினதும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா இருபது நிமிஷத்துல எதுக்கு இவ்வளவு பொங்கணும்?”

ஓரங்களை வெட்டிச் சாப்பிட்டோம். ஓரம் நன்றாகவே இருந்தது.

மே 9, வெள்ளி: ஊட்டி, வர்க்கி

இந்த நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தைக் கடக்க மூன்று மணி நேரம். தாவரவியல் பூங்கா வாசலில் காரை நிறுத்த இடம் தேடி நான்கு சுற்று. 1848-இல் உருவாகத் தொடங்கிய அந்தப் பூங்காவின் மரங்களை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மரங்களைவிட மனிதத் தலைகள் அதிகமாகத் தெரிந்தன. மக்காச்சோளம் ஐம்பது ரூபாய், பாதி வெந்தது. நான்கு பேரும் ஒரு மணி நேரத்தில் களைத்துப்போனோம்.

திரும்பும் வழியில், மழைக்கு ஒதுங்கிய ஒரு சின்ன பேக்கரிதான் அந்த நாளைக் காப்பாற்றியது. முன்னால் கண்ணாடிப் பெட்டி, பின்னால் விறகு அடுப்பு. உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டோம். மாவு படிந்த கையோடு ஒரு பெரியவர் வந்து, “வாங்கம்மா, சூடா இருக்கும், பாத்து நில்லுங்க” என்று வழி விட்டார்.

ஊட்டியின் மொறுமொறு அடுக்கு பிஸ்கட்டான வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தியில் படித்திருக்கிறேன். அது எப்படி உருவாகிறது என்று அன்றுதான் பார்த்தேன். கடையில் விற்கும் ஈஸ்ட் இதற்குக் கிடையாது. மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் எல்லாம் சேர்த்துப் புளிக்கவைத்த ஒரு கலவை இருக்கிறது, அதை ‘மாவு’ என்றே சொல்கிறார்கள். அதை உறை மோர் போலப் புது மாவில் சேர்த்துப் பிசைந்து, ஊறவிட்டு, வனஸ்பதி தடவித் தடவி மடித்து, துண்டு போட்டு, விறகின் தணலில் சுடுகிறார்கள். “கீழ போய்ச் செஞ்சா இந்த ருசி வராது. இந்தத் தண்ணி, இந்தக் குளிரு, ரெண்டும் வேணும்” என்றார் பெரியவர்.

மதுரைக்காரி தயங்கித் தயங்கி எங்கள் கேக்கைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டார். “பவுடர் எவ்வளவு போட்டீங்க?” ஒன்றரை ஸ்பூன், சோடாவும் உண்டு என்றதும் தலையை ஆட்டினார். “ஜாஸ்திம்மா. மேல வந்துட்டா எல்லாமே சீக்கிரம் பொங்கிடும். பொங்குறது நிக்கணும்ல?”

சேலத்துக்காரி அங்கேயே துள்ளிவிட்டாள். காரில் ஏறியதில் இருந்து வீடு வரும் வரைக்கும் பாடம்தான். கோத்தகிரி உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மாவுக்குள் உருவாகும் வாயுக் குமிழ்களை வெளியில் இருந்து அமுக்கும் காற்று குறைவு என்பதால் அவை பெரிதாக ஊதுகின்றன. மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே குமிழ்கள் உடைந்துவிடுகின்றன. பிடிப்பு இல்லாமல் நடுப்பகுதி இறங்கிவிடுகிறது. அதோடு, இங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஈரம் சீக்கிரம் ஆவியாகி, மிச்சமிருக்கும் மாவில் சர்க்கரையின் அடர்த்தி கூடிவிடும். சர்க்கரை கூடினால் கேக்கின் கட்டுமானம் தளரும்.

“அப்போ நேத்து குக்கர்ல பிரஷர் வந்திருந்தா சரியா வந்திருக்குமா?” என்று திருச்சிக்காரி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் காஸ்கட்டும் வெயிட்டும் இல்லாத குக்கருக்குள்ளும் மலைக்காற்றின் அழுத்தம்தான். வெயிட் போட்டு, தண்ணீர் இல்லாமல் சூடாக்குவது ஆபத்து. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

காகிதத்தில் கட்டிக் கொடுத்த கால் கிலோ வர்க்கி, அறுபது ரூபாய். வீட்டுக்கு வந்து தேநீரில் முக்கிச் சாப்பிட்டோம். அடுக்கடுக்காக உதிர்ந்து, உள்ளே கொஞ்சம் உப்பும் கொஞ்சம் இனிப்புமாக இருந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பொட்டலம் காலி. ஒரு கிலோவாக வாங்கியிருக்க வேண்டும்.

மே 10, சனி: கன்னேரிமுக்கு, காட்டெருமை, இரண்டாம் கேக்

எங்கும் காரில் போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்தோம். கன்னேரிமுக்கு வரை மட்டும் ஆட்டோவில் போய் வந்தோம். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறி வந்து கட்டிய வீடு அங்கே நினைவகமாக இருக்கிறது. எளிமையான கட்டடம், கூட்டம் இல்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் இந்த மலையில் வேர் பிடித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியே ஒரு பாட்டி இலையோடு கேரட் கட்டு விற்றுக்கொண்டிருந்தார், முப்பது ரூபாய். மண் காயாத கேரட். இன்றைய கேக் எது என்பது அந்த நொடியில் முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும் பாதையில் அக்கா எதிரே வந்து கையைக் காட்டி நிறுத்தினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு காட்டெருமை. கறுத்த பெரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல. எங்கள் வாசலுக்கும் எங்களுக்கும் நடுவில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. “ஓடாதீங்க, கத்தாதீங்க, அதுவே போயிரும்” என்று அக்கா எங்களைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அது போக ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் அக்கா எங்களுக்குச் சாப்பாடு போட்டார். ராகிக் களியும், அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்த கெட்டியான குழம்பும். களியை அவர்கள் மொழியில் எரகி ஹிட்டு என்பார்களாம், குழம்புக்கு உதக்க. அழைக்காமல் வந்த நான்கு பேருக்கு உலையைக் கூட்டிப் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தட்டு காலியாகாமல் பார்த்துக்கொண்டார். அந்த அவரையின் மணத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பணம் என்ற பேச்சை நாங்கள் எடுத்தபோது அவர் முகம் சுருங்கியது. உடனே நிறுத்திக்கொண்டோம்.

மாலை நான்கு மணிக்கு மறுபடி குக்கர். இந்த முறை மைதாவில் ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டினோம். சர்க்கரையில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் குறைத்தோம். பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சோடா உப்பு ஒரு சிட்டிகை. மூன்று டேபிள்ஸ்பூன் பால் கூடுதல். இரண்டு முட்டையும் சேர்த்தோம், இறுகிப் பிடிக்க உதவும். குளிரில் முட்டையும் பாலும் ஜில்லென்று இருந்ததால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தெடுத்தோம். துருவிய கேரட் ஒரு கப், ஏலக்காய் நான்கு. அடுப்பை நேற்று முன்தினத்தைவிட ஒரு துளி கூட்டி வைத்தோம். நாற்பது நிமிடம் வரை யாரும் மூடியைத் தொடக் கூடாது. திருச்சிக்காரி தன் இரண்டு கையையும் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

இருபத்தைந்தாவது நிமிடம் மின்சாரம் போனது. கேஸ் அடுப்பு என்பதால் கேக்குக்கு ஒன்றும் இல்லை. கைப்பேசி வெளிச்சத்தில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து, விடுதியில் மின்சாரம் போன ராத்திரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். யார் யாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது, யார் அழுதது, அப்பா இறந்த செய்தி வந்தபோது என்னோடு ராத்திரி பஸ்ஸில் கோவை வரை வந்தது யார். அதை மதுரைக்காரி மறந்தே போயிருந்தாள். நான் மறக்கவில்லை என்று இப்போதுதான் அவளிடம் சொல்ல முடிந்தது.

நாற்பத்தைந்தாவது நிமிடம் மதுரைக்காரி மூடியைத் திறந்தாள். ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்தாள். குச்சி சுத்தமாக வந்தது. கிண்ணத்தின் விளிம்போடு சமமாக, மேலே ஒரு சின்ன வெடிப்போடு, பழுப்பாக உட்கார்ந்திருந்தது கேக். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். இறங்கவில்லை. பத்து நிமிடம். இறங்கவே இல்லை.

“ஒரே நேரத்துல ஆறேழு மாற்றம் செஞ்சிருக்கோம். எதனால சரியாச்சுன்னு தனியாச் சொல்ல முடியாது” என்றாள் ஆசிரியை. சொல்லிக்கொண்டே முதல் துண்டை அவள்தான் எடுத்தாள்.

பெரிய துண்டு ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேரன் பள்ளி விடுமுறைக்கு அடுத்த வாரம் வருகிறான் என்றார். மதுரைக்காரி அளவுகளை ஒரு தாளில் எழுதி, கூடவே மீதமிருந்த பேக்கிங் பவுடர் டப்பாவையும் கொடுத்தாள்.

மே 11, ஞாயிறு: இறக்கம்

காலை ஏழு மணிக்குப் பனி விலகும் முன்பே கிளம்பினோம். குஞ்சப்பனையில் அதே இளைஞர் இல்லை. நன்றி சொல்ல ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். பணியில் இருந்த அம்மாவிடம் விவரத்தைச் சொல்லிக் கொடுத்தோம். அவர் ஆச்சரியப்பட்டு வாங்கி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவுக்கும் சூடு ஏறியது. மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டர்கள் பைக்குள் போயின. கோவை ரயில் நிலையத்தில் மூன்று பேரையும் இறக்கிவிட்டேன். அழக் கூடாது என்று பேசி வைத்திருந்தோம். முடியவில்லை.

மே 14, புதன்: வீடு

இன்று மகளுக்காக அதே கேரட் கேக். மலையில் எழுதிய தாளைப் பார்த்து அதே அளவில் செய்தேன். கனமாக, தட்டையாக, கொழுக்கட்டை போல வந்தது. கோவை 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, இங்கே பேக்கிங் பவுடருக்கு முழு அளவு வேண்டும் என்பது சூடான அடுப்புக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. குறிப்பேட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ‘மேலே’ என்றும் வலது பக்கம் ‘கீழே’ என்றும் தலைப்பு எழுதி, இரண்டு அளவுகளையும் குறித்து வைத்தேன். எங்கள் நால்வர் குழுவிலும் படமாக அனுப்பினேன்.

மாலையில் கோத்தகிரி அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். பேரன் வந்துவிட்டானாம், முதல் கேக் நன்றாக வந்ததாம், நாளைக்கு மறுபடி வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்.

“குக்கர் அடியில போட்ட உப்பைத் தூக்கிப் போட்டுடணுமா கண்ணு?”

குழம்புக்குப் போட வேண்டாம் அக்கா, ஆறவிட்டு ஒரு டப்பாவில் மூடி வையுங்கள், அடுத்த கேக்குக்கு அதே உப்பு போதும் என்றேன்.